பாஞ்சாலிக்கு வந்த வசனம்

காலை ஆறு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் ஒரு ரூபாய் ஃபோனிலிருந்து பாஞ்சாலியின் மகள் நிலா பேசினாள். "டீச்சர், அம்மா போய்ட்டாங்க. அஞ்சு மணி இருக்கும். நான் பக்கத்துலதான் இருந்தேன்." அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். போதகருக்கு நான் சொல்கிறேன், நீ அங்கேயே இரு என்றேன். அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

ரிசீவரை வைத்ததும் எனக்குள் முதலில் வந்தது துக்கம் அல்ல. இதை மறைத்துவிட்டு பாஞ்சாலியைப் பற்றி எழுத முடியாது. அவள் முந்திக்கொண்டாள் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. பிறந்ததிலிருந்து நான் கேள்விப்பட்டு வருகிற ஒருவரை, அவள் இன்று விடியற்காலையில் நேரில் பார்த்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அடுப்பில் பால் வழிந்து, அதைத் துடைக்கக் குனிந்தபோதுதான் அழுகை வந்தது.

பாஞ்சாலி நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்றவள். நாற்பத்திரண்டு வயது இருக்கும் என்று அவளே குத்துமதிப்பாகச் சொல்வாள். எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு மூக்கிலும் துளை இருந்தது. மூக்குத்தி இருந்த இடத்தில் துடைப்பத்தின் ஈர்க்குச்சியை ஒடித்துச் சொருகியிருப்பாள். குரல் பெரிது. சிரித்தால் எதிர்ச்சாரியில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் மந்தைவெளியில் இருக்கிறேன். ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். என் தாத்தா திருநெல்வேலிப் பக்கம் உபதேசியாராக இருந்தவர். மனப்பாடப் போட்டிகளில் சிறுவயதில் நான் வாங்கிய பரிசுகள் ஒரு அலமாரித் தட்டு முழுக்க இருக்கின்றன. எங்கள் சபையில் வேதப் பகுதி வாசிக்க ஆள் வேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வயலட் டீச்சர் வாசித்தால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்பார்கள். அது உண்மைதான். பாஞ்சாலி கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அது தொண்ணூற்று நான்கு ஏப்ரல். அவள் கணவர் செம்பியன் கட்டுமரத்தில் போய்த் திரும்பாமல் நான்கு மாதம் ஆகியிருந்தது. மூன்று பேர் போனார்கள், இரண்டு பேர் வந்தார்கள். அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்று வெயில் தாங்காமல், கூடையை வாசல் மரத்தடியில் இறக்கிவைத்துவிட்டு, மின்விசிறிக் காற்றுக்காக உள்ளே வந்திருக்கிறாள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. மீன் வாசனைக்குப் பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்ததை வாசித்துக்கொண்டிருந்த நான் மேலிருந்து பார்த்தேன். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் அங்கே இருந்திருந்தாலும் நகர்ந்திருப்பேன்.

நான் வாசித்த பகுதி, உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலை வீசி வெறுங்கையோடு இருந்த சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிற இடம். வருடா வருடம் அதை வாசித்திருக்கிறேன். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

ஆராதனை முடிந்ததும் அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, நீங்க படிச்சது நெசமா?"

"எது?"

"செத்துப் பொழச்சி வந்தவரு, கரையில குந்திக்கினு மீனு சுட்டாரா?"

"ஆமாம்."

"அவரே சுட்டாரா? பொம்பளைங்க யாரும் இல்லியா?"

"அவரேதான்."

"கரையில நின்னுக்கினு இன்னும் வரலியே வரலியேன்னு பாக்குறது எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா கரையிலேந்து ஒருத்தரு நம்பளப் பாத்துக்கினு நிக்கிறாருன்னு எனக்கு யாரும் சொல்லல டீச்சரம்மா." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன். கையை முகர்ந்து பார்த்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

அன்றே தொடங்கிவிட்டது. நான் வாசித்தேன், அவளுக்குக் கிடைத்தது.

அதற்கு முன் குப்பத்தில் அவளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது அவள் மேல்தான் அம்மன் வருவாள். முதல் கூழ் அவளுக்கு. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூடக் காலில் விழுந்து குறி கேட்பார்கள். ஞானஸ்நானம் எடுத்தபின் அவள் அதற்குப் போகவில்லை. அம்மனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசியும் நான் கேட்டதில்லை. காலில் விழுந்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். செம்பியனின் தம்பி படகில் இருந்த பங்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். மாமியார் இவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. எனக்கு இதெல்லாம் நிலா சொல்லித்தான் தெரியும். ஒருநாள் கேட்டேன்.

"அந்த மரியாதையெல்லாம் போனது வருத்தமா இல்லையா பாஞ்சாலி?"

"மாலை போட்டாங்க, கழுத்து வலிச்சிது. கயட்டிட்டேன்" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மொதல்ல ஒரு மாதிரி இருந்திச்சி. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவரு கீறாரு இல்ல, இத்த போயி இன்னாத்துக்கு எண்ணிக்கினு?"

அவரு கீறாரு. அடுத்த அறையில் இருக்கிறவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். என் ஜெபம் நன்றாக இருக்கும் என்று பெயர். ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை போதகர் பாஞ்சாலியை ஜெபிக்கச் சொன்னார். அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு, "இன்னா நைனா, எப்டிக்கீற?" என்றாள்.

இரண்டு பேர் கண்ணைத் திறந்தார்கள். நானும் திறந்தேன்.

"இன்னிக்கு யாவாரம் சொம்மா. சங்கராவும் காரப்பொடியும்தான். பக்கத்து பலக கோமளத்துக்கு அதுகூட இல்ல, அத்தப் பாரு. நிலா பரீச்சை எயுதிக்கினு கீறா. அவ அப்பன் ஞாபகம் வந்து ராத்திரி அய்தா. நீ வந்து குந்திக்கினு இருந்தியே, அத்த அவளுக்குச் சொன்னேன், நம்ப மாட்டேன்றா..." என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்தினாள். நிறுத்தியவள், யாரோ எதையோ சொன்னதற்குப் பதில் சொல்வதுபோல், "ம், சரி" என்றாள். "சரி சரி, கேட்டுக்கினேன்." அவ்வளவுதான். ஆமென்கூட மறந்துபோய்க் கடைசியில் சொன்னாள்.

எல்லோரும் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். நான் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அந்த "ம், சரி"யையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு வருடம் பேசியிருக்கிறேன். ஒரு முறைகூட எனக்கு "ம், சரி" என்று சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு, படுக்கையறையில் முழங்காலில் நின்று, "நைனா" என்று சொல்லிப் பார்த்தேன். பள்ளி நாடகத்தில் வேஷம் போட்ட பிள்ளை பேசுவதுபோல் இருந்தது. எழுந்துவிட்டேன்.

ஒருநாள் அவளையே கேட்டேன். மற்றவர்களைப் பாராட்டுகிற குரலில்தான் கேட்டேன். உள்ளே வேறு இருந்தது.

"அவர்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க ஊட்டுக்காரரு செருப்பு சத்தம் உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு ஏது வீட்டுக்காரர்?"

"அட ஆமால்ல!" என்று தலையில் தட்டிக்கொண்டாள். "செரி, உங்க அப்பாரு செருப்பு சத்தம்?"

அப்பா செத்து இருபது வருடம் ஆகிறது. அந்தச் சத்தம் இன்றும் தெரியும். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபையில் ஜனவரி முதல் தேதி காலை ஆராதனை முடிந்ததும், ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொருவராகப் போய் ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம் அந்த வருடம் முழுக்க அவருக்குக் கடவுள் தரும் வாக்கு. அச்சடித்த அட்டைகள் கடையில் கிடைக்கும். ஆனாலும் என் கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று பல வருடமாக நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். நூற்று எண்பது அட்டைகள். கிறிஸ்துமஸ் விடுமுறை அதிலேயே போய்விடும்.

தொண்ணூற்று ஐந்து டிசம்பரில் எழுதும்போது ஒரு வசனத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டேன். நீ என்னை அறிந்துகொள்வாய் என்று கடவுள் ஒரு பெண்ணிடம் பேசுவதுபோல் வருகிற வசனம் அது. அதை மட்டும் புது நிப்பு மாற்றி எழுதினேன். கடவுளே, இது எனக்கு வரட்டும் என்று கேட்டேன். அடையாளம் எதுவும் வைக்கவில்லை. தட்டில் கலந்தது போதகரின் கை. அவ்வளவு நேர்மை அப்போது எனக்கு இருந்தது.

புத்தாண்டு காலையில் எனக்கு வந்த அட்டையில் களஞ்சியங்கள் நிரம்பும் என்று இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பாஞ்சாலி புதுப் புடவையில் ஓடி வந்தாள்.

"டீச்சரம்மா, எனக்கு இன்னா வந்துகீதுன்னு படிச்சி சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். புது நிப்பு எழுத்து.

இரண்டு அட்டைகளும் என் கையில் இருந்தன. ஒரே தாள், ஒரே மை. சுற்றிலும் எல்லோரும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் கையை ஒருமுறை மாற்றிக்கொண்டேன். என்னுடையதை நிதானமாக, குரலை ஏற்றி இறக்கி, அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுடையதை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பாஞ்சாலி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"களஞ்சியம்னா?"

"நெல் கொட்டி வைக்கிற இடம். உனக்குக் குறைவே இருக்காது என்று அர்த்தம்."

"அது செரி. இதுல அவரு வராரா?"

"கொடுக்கிறவர் அவர்தானே பாஞ்சாலி."

"குடுக்குறது செரி டீச்சரம்மா. கூட இருக்குறேன்னு, பாக்குறேன்னு, அப்டி ஒண்ணும் இல்லியா?"

"இல்லை."

"பரவால்ல" என்றாள். முகம் வாடியிருந்தது. நான் அதை முதல் முறையாகப் பார்த்தேன். "நிலா வச்சிக்கட்டும்."

கைப்பையில் இருந்த அட்டையை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். தினமும் காலையில் பார்ப்பேன். சத்தமாக வாசிப்பேன். ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. ஒன்றும் தெரியவில்லை. பாஞ்சாலி வெள்ளிக்கிழமைதோறும் வந்து, கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்து, அவரோடு பேசிவிட்டுப் போனாள். அந்த வருடம் அவள் வீட்டுக் கூரை காற்றில் போனது. அதற்கும் அவரிடம் சண்டை போட்டாள். சண்டை போட்டு முடித்து, "ம்" என்றாள். வாக்கு என் வீட்டில் இருந்தது, அவர் அவள் வீட்டில் இருந்தார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அட்டையைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன். சொல்லிவிட்டால் எனக்கும் ஏதாவது திறக்கும் என்று நினைத்தேன். அதிலும் ஒரு கணக்குதான். சாலையோரத்தில் பாஞ்சாலி பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். ராயப்பேட்டையில் மெஸ் வைத்திருக்கும் காதர் பாய் வஞ்சரத்தின் செவுளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இது நேத்து மீனு பாஞ்சாலி."

"இன்னா பாய், நல்லா மொறைச்சிக்கினு கீது பாரு, உன்ன மாரியே! நேத்து செத்த கண்ணா இது?"

"என் கண்ணுல என்ன குறை?"

"கொறை ஒண்ணும் இல்ல, வெலை கேக்குற வாய்தான் கொறை."

அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். நான் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். புது நிப்பிலிருந்து கைப்பை வரை.

அவள் கத்தியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடுத்த பலகைக்காரியைப் பார்த்துக் கத்தினாள். "ஏ கோமளம்! டீச்சரம்மா என் வசனத்த லவட்டிக்கினு போய்ட்டாங்கடி!"

"இன்னாது?"

"வசனம்டி! சங்கிலி இல்ல, தோடு இல்ல, வசனம்!"

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு அடங்கியதும் அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"பத்து மாசம் வச்சிக்கினு இருந்தீங்களே. தெரிஞ்சாரா?"

"இல்லை."

"கொஞ்சம் கூடவா?"

"இல்லை பாஞ்சாலி."

அவளுக்குக் கோபம் வந்தது. என் மேல் இல்லை. முகத்தை மேலே தூக்கி, "இன்னா நைனா இது?" என்றாள். "திருடியாச்சும் கேக்குறாங்க இல்ல? குடேன். உனக்கு இன்னா கொறைஞ்சி பூடும்?"

வேறு யாராவது இருந்தால் அந்த இடத்தில் உடைந்திருப்பார்கள். எனக்கு வந்தது பொறாமைதான். எனக்காகக் கேட்கக்கூட அவளால்தான் முடிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், என் காரியத்தை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அட்டையை நீட்டினேன். "கையெல்லாம் செதிலு. ஞாயித்துக்கெயம வாங்கிக்கிறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஒவ்வொரு வாரமும் கைப்பையில் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்தேன்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் அவள் கால் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். பள்ளிவிட்டு மாலையில் போவேன். வாசிக்கச் சொல்வாள். ஏரிக்கரையில் மீன் சுட்ட பகுதியை மட்டும் ஐந்தாறு முறை வாசித்திருப்பேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த கமர் ஜஹான் என்ற அம்மாள்கூட, "அந்த மீன் கதையைச் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஒருநாள் வாசித்து முடித்ததும் பாஞ்சாலி என் விரலைப் பிடித்தாள்.

"எனக்கு உங்க மேல எப்பவும் பொறாம டீச்சரம்மா."

நான் சிரித்துவிட்டேன். "என் மேலயா?"

"ஆமா. உங்களுக்கு எயுத்து தெரியும். அவரு சொன்னது எல்லாத்தியும், எப்ப வோணும்னாலும், நீங்களே தொறந்து நேரா பாத்துக்கலாம். நான் ஒருத்தரு வாயப் பாத்துக்கினு இருக்கணும். அவங்க இன்னா படிக்கிறாங்களோ அதான் எனக்கு." என்னைக் குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. அவள் முகத்தில் அது இல்லை. "எனக்கு மட்டும் எயுத்து தெரிஞ்சிருந்தா, மீனே வித்திருக்க மாட்டேன். குந்திக்கினு படிச்சிக்கினே இருந்திருப்பேன்."

அன்று வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தேன். போட்டிக்காக இல்லாமல், சபையில் வாசிப்பதற்காக இல்லாமல், அவள் பொறாமைப்படும்படி இதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் திறந்தேன். அப்படித் திறந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் இல்லை. அன்றிலிருந்து தினமும் திறக்கிறேன் என்பதை மட்டும் சொல்லலாம்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி அவள் போனாள். அடக்கத்துக்குக் குப்பத்திலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். மாமியார் கட்டிலின் தலைமாட்டில் நின்று, பாஞ்சாலியின் வாயில் மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டார். பாஞ்சாலியின் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன். அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று அந்த முகம் சொல்லியது. அதை என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

நேற்று நிலா வந்தாள். கல்லறையில் சிமென்ட் சிலுவை வைக்கப் போகிறார்கள். பெயர் எழுதுகிறவர் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறாராம்.

"ஒரு வசனம் போடணும் டீச்சர். வூட்ல ஒரு அட்டை கீது, களஞ்சியம்னு. அது அம்மாவுக்குப் புடிக்காது. தனக்கு வந்த வசனம் வேற, அது டீச்சர்கிட்ட கீதுன்னு சொல்லும்."

"வேறு என்ன சொன்னாள்?"

"கேக்காதன்னு சொல்லிச்சி. டீச்சருக்கு அது ரொம்ப வோணும், வச்சிக்கினு இருக்கட்டும்னு சொல்லிச்சி." நிலா தயங்கினாள். "ஆனா சிலுவைக்கு வோணுமே டீச்சர். அதான் கேக்குறேன்."

எழுதி வைக்கிறேன், நாளைக்கு வந்து வாங்கிக்கொள் என்றேன்.

தாள் எதிரில் இருக்கிறது. அந்த வசனம் எனக்குப் பார்க்காமலே தெரியும். எழுதிக் கொடுத்தால் அது அவளுடையது என்று ஊருக்கே தெரியும்படி ஆகிவிடும். அப்புறம் அதை வைத்துக்கொண்டு நான் அவரிடம் கேட்க முடியாது. வெறுங்கையோடுதான் கேட்க வேண்டும். பெயர் எழுதியாயிற்று. செம்பியனின் மனைவி என்று எழுதியாயிற்று. பிறந்த வருடம் தெரியாததால் ஒரு கோடு போட்டு, இறந்த தேதியை எழுதியாயிற்று. அதற்குக் கீழே, வசனத்துக்கென்று விட்ட இரண்டு வரி இன்னும் காலியாக இருக்கிறது.